நீராவிக்கு மேலே இருக்கும் கூரை

எண்ணெய் என்றால் மண்ணுக்கடியில் ஏரி மாதிரி தேங்கிக் கிடப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாறையிலும் மணலிலும் உள்ள நுண்ணிய இடைவெளிகளில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதிலும் கனடாவின் ஆல்பர்ட்டாவில், அதாபாஸ்கா பகுதியின் மணலில் இருக்கும் பிட்டுமென் என்ற கெட்டி எண்ணெய், நிலத்தடியின் பத்து டிகிரி குளிரில் ஆறிய தார் போல இறுகிக் கிடக்கும். பம்ப் வைத்து இழுத்தால் அசையாது. 200 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் சமையல் எண்ணெயைவிட இளக்கமாக ஓடும்.

1970களின் கடைசியில் ரோஜர் பட்லர் என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஏறக்குறைய ஐந்து மீட்டர் இடைவெளியில் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் இரண்டு கிடைக்கிணறுகள். மேல் கிணற்றில் நீராவியைச் செலுத்த வேண்டும். உருகிய எண்ணெய் தன் எடையாலேயே கீழ்க் கிணற்றுக்கு வடிந்துவிடும். 1987-இல் ஃபோர்ட் மெக்மர்ரி அருகே இதைச் சோதித்தபோது, எண்ணெய் மணலுக்குக் கீழே இருந்த சுண்ணாம்புப் பாறையில் சுரங்கம் வெட்டி, அங்கிருந்து மேல்நோக்கித் துளையிட்டார்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, நான் எழுத வந்தது கூரைப் பாறையைப் பற்றி. நீராவி மேலே ஏறிவிடாமல் தடுப்பது எண்ணெய் மணலுக்கு மேலிருக்கும் களிப்பாறை அடுக்கு ஒன்றுதான். 2006 மே மாதம் இதே ஆல்பர்ட்டாவில், ஜாஸ்லின் என்ற எண்ணெய்த் திட்டத்தில் அது உடைந்தது. நீராவி தரையைப் பிளந்துகொண்டு வெளியேறியதில் 125 மீட்டருக்கு 75 மீட்டர் அளவில் பள்ளம் விழுந்தது. கற்கள் 300 மீட்டர் வரை பறந்தன. ஆழம் குறைந்த இடத்தில் அழுத்தம் அளவு மீறினால் நடப்பது இதுதான். கூரைப் பாறை விரிசல் விடும் அழுத்தத்தில் 80 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஆழமற்ற பகுதிகளுக்கு அங்கே பின்னாளில் விதி வந்தது.

ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு இரண்டிலிருந்து நான்கு பீப்பாய் தண்ணீரை நீராவியாக்க வேண்டும். அதற்கு இயற்கை எரிவாயு எரிகிறது. செலவு இப்படி ஏறும்போது, எண்ணெய் வேகமாக வர "அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாமே" என்ற பேச்சு கூட்டங்களில் கட்டாயம் வரும். நீராவியோடு, எண்ணெயை இளக்கும் கரைப்பான் கலந்து சூட்டின் தேவையைக் குறைக்கும் ஆராய்ச்சியை நான் மனதார ஆதரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் துறைக்கு வரும் இளம் பொறியாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். உற்பத்தி வரைபடத்தைத் திறக்கும் முன், கூரைப் பாறை எந்த அழுத்தத்தில் விரிசல் விடும் என்ற சோதனை எந்த ஆழத்தில், எத்தனை கிணறுகளில் நடந்தது என்று பாருங்கள். ஒரே ஒரு கிணற்றின் சோதனை முடிவை வைத்து முழு வயலுக்கும் அழுத்தம் குறித்திருந்தால், அங்கேயே வேலையை நிறுத்திக் கேளுங்கள்.