வெல்டர் வேலை மாறும்போது வீட்டோடு இருந்து போடவேண்டிய கணக்கு

கிளிநொச்சியில் வெல்டிங் போதனாசிரியராக இருப்பதால், என்னிடம் படித்தவர்கள் மட்டுமன்றிப் பட்டறையிலேயே தொழில் பழகியவர்களும் வேலை மாறுவது பற்றிக் கேட்க வருகிறார்கள். பெரும்பாலானோர் திருமணமானவர்கள். மோட்டார் சைக்கிளுக்கு லீசிங், மனைவியின் பெயரில் நுண்கடன், வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் இன்னும் முடியாத பூச்சுவேலை என்று ஒவ்வொருவருக்கும் சுமை உண்டு. எடுத்தவுடன் அவர்கள் சொல்வது, புதிய இடத்தில் நாளுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்பதைத்தான். அங்கே மாதத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும், எத்தனை இரவு வீட்டில் படுப்பீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் நாட்சம்பளத்தை மட்டும் நம்பி மாறுவதே நமது பகுதி உலோகத் தொழிலாளர் குடும்பங்களை அதிகம் அலைக்கழிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

எடுத்துக்காட்டாக, மாங்குளத்தில் வீட்டுக்கு அருகிலுள்ள பட்டறையில் நாளுக்கு 4000 ரூபாவுக்கு 24 நாள் வேலை செய்பவர் மாதம் 96,000 ரூபா பெறுகிறார். கொழும்பில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் 5500 ரூபா தருவதாகச் சொல்கிறார்கள். இரும்பு வந்து சேராத நாள், மழை நாள், ஊருக்கு வந்துபோகும் நாள் எல்லாம் கழித்து 20 நாள் வேலை கிடைத்தால் 1,10,000 ரூபா வரும். அங்கே தங்கும் 26 நாளுக்கும் சாப்பாட்டுக்கு 900 ரூபா வீதம் 23,400 ரூபா, இரண்டு முறை ஊருக்கு வந்துபோக 6000 ரூபா என்று எடுத்துவிட்டால் எஞ்சுவது 80,600 ரூபாதான். உங்கள் தொகைகள் வேறாக இருக்கலாம். அவற்றை ஒரு கொப்பியில் எழுதி, மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். சங்கக் கூட்டம் எந்தக் கிழமை, கடன் தவணை எந்த நாள், பிள்ளையின் ரியூசன் காசு எப்போது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

மாறும் காலமும் முக்கியம். மழையை நம்பிய நெற்செய்கைக் காலமான காலபோகத்துக்கு முன்பு கலப்பை, இரும்புச் சில்லு, உழவு இயந்திரப் பெட்டி ஆகியவற்றின் திருத்தவேலைகள் பட்டறைகளில் குவிகின்றன. அறுவடை நெருங்கும்போது அவை மீண்டும் வருகின்றன. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை வன்னியில் பெய்யும் மழையில் திறந்தவெளி வேலைத்தளங்கள் அடிக்கடி நின்றுபோகும். ஆகவே உள்ளூர்ப் பட்டறையில் வேலை நிறைந்திருக்கும் அந்த நேரத்தில் அதை விட்டுவிட்டு நாட்கூலிக்குத் திறந்தவெளி வேலைக்குப் போவது நட்டத்தையே தரும். நனைந்த நிலத்தில் நின்று ஒட்டுவது, அதாவது வெல்டிங் செய்வது, உயிருக்கும் ஆபத்து. ஒட்டாமல் நிற்கும் வேளையிலும் றொட் பிடிக்கும் ஹோல்டரில் 80 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கக்கூடும், ஈரமான உடம்புக்கு அதுவே போதும்.

சட்டப்படி உங்களுக்குச் சேரவேண்டியவற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வேலை மாறும்போது அதிகம் இழக்கப்படுவது அதுவே. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம் செலுத்த வேண்டும். 60,000 ரூபா சம்பளத்தில் முதலாளி தரும் இந்த 15 வீதம் மாதத்துக்கு 9000 ரூபா ஆகும். நாட்கூலிக்காரருக்கு இது கிடையாது என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். தற்காலிகமாகவோ நாட்கூலிக்கோ வேலை செய்பவருக்கும் இது உரியது. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் இடத்தில் 5 வருட சேவையை முடித்தவருக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடையும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் இறுதியாகப் பெற்ற சம்பளத்தில் அரை மாதத் தொகையும், ஏனையோருக்கு 14 நாட் சம்பளமும் கணக்கிடப்படும். ஐந்தாவது வருடம் நிறையச் சில மாதங்களே இருந்த நிலையில், வேறோர் இடத்தில் சற்றுக் கூடுதலாகத் தருகிறார்கள் என்று விலகிப்போன ஒருவர் பின்னர் என்னிடம் வந்தார். அவர் 60,000 ரூபா மாதச் சம்பளக்காரர். பொறுத்திருந்தால் 1,50,000 ரூபா கிடைத்திருக்கும். வீட்டுப் பூச்சுவேலையை அந்தக் காசிலேயே முடித்திருக்கலாம் என்று அவருடைய மனைவி சொன்னபோது எனக்கும் மனம் வலித்தது. விலகுவதற்கு முன் உங்கள் சேவைத் தொடக்கத் திகதியைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

உடம்பு பற்றிய கேள்வியைப் பலர் கேட்பதேயில்லை. கேற், கிறில் வேலைகளில் ஜி.ஐ. பைப்பைத்தான் அதிகம் ஒட்டுகிறோம். அதன் மேற்பூச்சான துத்தநாகம் 907 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகும். இரும்பு உருகுவதற்கோ 1500 பாகையளவு வேண்டும். எனவே ஒட்டும் இடத்தில் துத்தநாகப் புகை எழுவதைத் தவிர்க்க முடியாது. அதைச் சுவாசித்தவருக்குச் சில மணித்தியாலங்களின் பின், அதாவது வீட்டுக்குப் போனபிறகே, குளிரும் காய்ச்சலும் வாயில் உலோகச் சுவையும் வரும். ஓரிரு நாளில் அது தணிந்துவிடுவதால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். பால் குடித்தால் புகையின் நஞ்சு இறங்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு எந்த அடிப்படையும் இல்லை. ஒட்டும் இடத்தின் பூச்சை முதலில் உரோஞ்சி எடுப்பதும், காற்றோட்டமும், ஏற்ற முகமூடியுமே காப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என உறுதிசெய்யப்பட்டவற்றின் வகையில் சேர்த்தது. புதிய இடத்துக்குப் போகும் நாளில் சம்பளம் கேட்பதோடு, வேலை மூடிய கொட்டிலுக்குள்ளா, புகை வெளியேற வழி உண்டா, கிரைண்டருக்குக் காப்புமூடி போட்டிருக்கிறார்களா என்பதையும் கண்ணால் பார்த்து வாருங்கள். வேலை உடுப்பைப் பட்டறையிலேயே மாற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடிப்பது அந்தத் தூசியின் மேல் ஆகக்கூடாது.

தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் வன்னியில் ஏராளம். போரும் இடப்பெயர்வும் படிப்பைக் குலைத்ததால், 2009க்குப் பின் பட்டறையில் நின்று பழகியவர்கள் இவர்கள். தேசிய தொழிற் தகைமை மட்டம் 3, 4 சான்றிதழ்களை, மீண்டும் வகுப்பில் அமராமல், ஏற்கனவே பெற்ற திறமையை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டியும் பெறலாம். பழைய இடத்தில் இருக்கும்போதே, அங்கிருந்து சேவைக் கடிதம் எடுத்துக்கொண்டு, இதற்கு விண்ணப்பியுங்கள். வெளிநாடு போக எண்ணுவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். கேற் ஒட்டத் தெரிந்தவர் எல்லோரும் குழாய் ஒட்டுநர் ஆகிவிட முடியாது. சாய்வாக அசையாது நிற்கும் குழாயைச் சுற்றி ஒட்டும் 6ஜி பரீட்சைக்குத் தனிப் பயிற்சி வேண்டும். முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்டு உறுதிசெய்த பின்னரே காசு கொடுங்கள்.

சொந்தப் பட்டறை போட விரும்புவோர், பிள்ளைகளோடு இருக்கலாம் என்பதையே முதற்காரணமாகச் சொல்கிறார்கள். அந்த ஆசை நியாயமானது. ஆனால் வளவுக்குள் பட்டறை வந்தால் வேலைக்கு முடியும் நேரம் இல்லாமல் போகிறது. இரவு ஒன்பது மணிக்கும் ஒருவர் உடைந்த பெட்டியோடு படலையில் நிற்பார். மாலை எத்தனை மணிக்கு மெஷினை நிறுத்துவது என்று முதல் வாரத்திலேயே வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுங்கள். ஒட்டும் பக்கத்தை வீட்டிலிருந்து தகரத்தால் மறையுங்கள், அந்த ஒளி தூரத்தில் விளையாடும் பிள்ளையின் கண்ணையும் தாக்கும். பழைய இரும்பு கொண்டுவருபவர்களிடம் இன்னதென்று தெரியாத, மூடிய, உருளை வடிவான எதையும் வாங்காதீர்கள், வெட்டாதீர்கள், தட்டியும் பார்க்காதீர்கள். போர் நடந்த நிலத்திலிருந்து வருவது எதுவாகவும் இருக்கலாம். அப்படி ஒன்றைக் கண்டால் பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அறிவியுங்கள்.

முற்பணமாக வாங்கும் காசைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். அது இரும்பு வாங்குவதற்கான காசு, வீட்டுச் செலவுக்கானது அன்று. இப்போதைய வேலையை உடனே விடாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சொந்த வேலை எடுத்து ஒரு போகம் முழுவதும் நடத்திப் பாருங்கள். அதில் கைக்கு வந்து சேர்ந்த காசையும் கடனாக நின்ற காசையும் வேறுவேறாக எழுதி வைத்து, அதன் பிறகு விலகல் கடிதம் கொடுப்பதா என்பதை இருவருமாக முடிவுசெய்யுங்கள்.