நட்சத்திர மீனுக்குள் ஒரு வாய்க்கால் பாசனம்

நாகப்பட்டினம் துறைமுகத்தில் விசைப்படகு வந்து வலையின் மடியைக் கொட்டி, இறால், நண்டு, விலை போகிற மீனையெல்லாம் பொறுக்கிய பிறகு மிஞ்சும் கழிவுக் குவியலைக் கிளறினால், ஓரமெல்லாம் சீப்புப் பல் வைத்த மாதிரி முள்ளோடு ஒரு நட்சத்திர மீன் அகப்படலாம். ஆஸ்ட்ரோபெக்டென் வகை. மீன் என்பது பெயரில் மட்டும்தான். முதுகெலும்பு, துடுப்பு, மூளை எதுவும் கிடையாது.

உயிரோடு இருக்கும் ஒன்றைக் கடல்நீர் வாளியில் மல்லாக்கப் போட்டுப் பாருங்கள். கைகளின் அடியில் ஓடும் பள்ளத்திலிருந்து பொடிப்பொடியாகக் கால்கள் நீண்டு துழாவும். அந்தக் கால்களை நீட்டுவது தண்ணீர்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். முதுகில், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, சல்லடை போல ஒரு பொத்தான் இருக்கிறது. அதுதான் மதகு. அதில் நுழையும் கடல்நீர் ஒரு குழாய் வழியே இறங்கி, வாயைச் சுற்றி ஓடும் வட்ட வாய்க்காலில் சேர்ந்து, அங்கிருந்து கைக்கு ஒரு தலைவாய்க்காலாகப் பிரிந்து, அப்புறம் இருபுறமும் கிளை விட்டு ஒவ்வொரு காலுக்கும் போகிறது.

நம் ஊர்ப் பாசனத்தோடு உள்ள ஒற்றுமை அதோடு சரி. இங்கே மேட்டூரில் திறந்து கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் நாற்று காய்ந்துவிடும். அங்கே ஒவ்வொரு காலுக்கும் மேலே சொந்தமாக ஒரு குமிழ். குமிழ் சுருங்கினால் நீர் காலுக்குள் பாய்ந்து கால் நீளும், காலின் தசை சுருங்கினால் நீர் மறுபடி குமிழுக்கே போய்விடும், வாய்க்காலுக்குத் திரும்பி ஓடாமல் நடுவில் ஒரு வால்வு தடுக்கிறது. மதகின் வேலை குறைகிற நீரை ஈடுகட்டுவதுதான். கண்ணும் கடைமடையில்தான்: பெரும்பாலான இனங்களில் கை நுனியில் ஒரு சிறு புள்ளி, வெளிச்சத்தையும் மங்கலான உருவங்களையும் பார்க்கும்.

இவ்வளவு வாய்க்கால் இருந்தும் காவிரித் தண்ணீர் ஆகாது. உடம்புக்குள் இருப்பது கிட்டத்தட்ட கடல்நீரே, அதன் உப்பளவைச் சரிசெய்து வைத்துக்கொள்ள இதற்குத் தெரியாது. உலகத்தில் ஒரு நட்சத்திர மீன்கூட நன்னீரில் வாழ்வதில்லை.

சாப்பாடுதான் விசேஷம். பாறையில் வாழும் பல இனங்கள் சிப்பியைக் கால்களால் பற்றி இழுத்து, மயிரிழை போல ஒரு இடுக்கு விட்டதும், தன் இரைப்பையையே வாய் வழியாக வெளியே தள்ளி ஓட்டுக்குள் நுழைத்து அங்கேயே செரித்துவிடும். நம் மணல்வாசியான ஆஸ்ட்ரோபெக்டெனுக்கு அந்தப் பக்குவமெல்லாம் இல்லை. கால் நுனியில் உறிஞ்சி கிடையாது, கூராக இருக்கும். மணலுக்குள் புதையத்தான் அது தோது. அகப்பட்ட சின்னச் சங்கு, சிப்பியை அப்படியே விழுங்கும். ஆசனவாயும் கிடையாது என்பதால் மிஞ்சும் வெற்று ஓடுகளை வாய் வழியாகவே துப்பியாக வேண்டும்.

காயவைத்திருந்த ஒன்றை ஒருநாள் உடைத்தேன். நடுவயிற்றில் மிளகு பருமனில் ஏழெட்டுச் சங்குகள், ஒன்றுகூட நொறுங்காமல்.