ஒப்பித்தது போதும், பிள்ளையைப் பேச விடுங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை. குரல் கரகரத்து, பாதி வார்த்தை வெறும் காற்றாகப் போகிறது. அம்மாவுக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு இருந்தது. "மேடம், வீட்ல ஒரு எழுத்து பிசகாம சொல்லுதா. மேடையில ஏறுனதும் நாலாவது வரியில நின்னுட்டா. அன்னையிலேருந்து கிளாஸ்லயும் வாயத் தொறக்க மாட்டேங்கா." பிள்ளை நிமிரவே இல்லை. என் மேசையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாளையங்கோட்டையில் ஸ்பீச் தெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். ஜூலை 15 காமராசர் பிறந்தநாளில் தொடங்கும் பேச்சுப்போட்டிக் காலம். செப்டம்பரில் வ.உ.சி., பாரதி, அண்ணா, அக்டோபரில் காந்தி, நவம்பர் 14 நேரு என்று வரிசையாக வரும். கூடவே இப்படிப்பட்ட பிள்ளைகளும் வருவார்கள். பேச்சுப்போட்டி வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கூச்சப்படும் பிள்ளைகளுக்கு நானே அதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் இங்கே அதற்குத் தயார் செய்கிற விதம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குரல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உரக்கக் கத்துவது வீரம் அல்ல. மைக் எதற்கு இருக்கிறது? தினமும் கத்திப் பழகினால் குரல்நாணில் சிறு முடிச்சுகள் விழலாம். கரகரப்பு இரண்டு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பனங்கற்கண்டும் மிளகும் இதமாக இருக்கும், முடிச்சைக் கரைக்காது. கிசுகிசுப்பதும் குரலுக்கு ஓய்வு அல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆபரேஷன் தேவைப்படாது. பயிற்சியும் தண்ணீரும் கத்தாத வீடும் இருந்தால் சரியாகிவிடும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மனப்பாடமாக ஒப்பிப்பது பேச்சு அல்ல. இதை எத்தனை பெற்றோரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. மாமாவோ டியூஷன் சாரோ இரண்டு பக்கம் எழுதித் தருகிறார். அதில் பிள்ளைக்குப் பொருள் தெரியாத சொல் பத்தாவது இருக்கும். எங்கே கையை உயர்த்த வேண்டும், எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்பதுகூட அதில் குறித்திருக்கும். பிள்ளை ராத்திரி பத்து மணி வரை உருப்போடுகிறது. வாய் பழகுகிறது, அவ்வளவுதான். யோசித்தவர் வேறு ஆள், பேசுகிற வாய் மட்டும் பிள்ளையுடையது. பொருள் புரியாமல் மனப்பாடம் செய்தது கோத்த பாசிமணி மாதிரி. ஓரிடத்தில் அறுந்தால் மொத்தமும் சிதறிவிடும். நடுவிலிருந்து பிடித்துக்கொள்ள முடியாது, மறுபடி முதல் வரிக்குத்தான் ஓட வேண்டும். மேடையில் அதற்கு நேரம் ஏது? நாலாவது வரியில் நின்றது பிள்ளையின் குற்றமே இல்லை.

"மேடையில ஏத்தி விட்டா பயம் தன்னால போயிரும்" என்று சொல்வதும் பாதிதான் உண்மை. சின்னச் சின்னப் படியாக ஏறினால் பயம் போகும். முதலில் வீட்டில் நாலு பேர் முன்னால், அப்புறம் வகுப்பில், அப்புறம் பிரேயரில். எடுத்த எடுப்பில் மாவட்டப் போட்டியில் நிறுத்தி, தடுமாறியதும் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் "மானத்த வாங்கிட்டியே" என்று திட்டினால், பிள்ளை படிப்பது ஒன்றே ஒன்றுதான்: வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பிக்கலாம்.

திக்கிப் பேசும் பிள்ளைகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மனப்பாடமாகச் சொல்லும்போதும் சேர்ந்து வாசிக்கும்போதும் பலருக்குத் திக்கல் குறையும். அதைப் பார்த்துவிட்டு, "மேடையில பேசுதான், வீட்ல நடிக்கான்" என்று அடித்த அப்பாக்களை எனக்குத் தெரியும். அவன் நடிக்கவில்லை. திக்கலின் இயல்பே அதுதான். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

அந்தப் பெண்ணிடம் வருகிறேன். அவள் பேசப் போன தலைப்பு வ.உ.சி. நான் வரிகளைக் கேட்கவில்லை. "அவர் கப்பல் விட்டதில் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு என்ன நட்டம்?" என்று கேட்டேன். விழித்தாள். 'செக்கிழுத்த செம்மல்' என்று ஏழு முறை வருகிற அந்தப் பேச்சில் இதற்குப் பதில் இல்லை. 1906-இல் அவர் சுதேசி நாவாய்ச் சங்கம் என்ற கப்பல் கம்பெனியைத் தொடங்கியதையும், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கப்பல் ஓடியதையும், போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொள்ளத் துணிந்ததையும் சொன்னேன். அரை நிமிடம் யோசித்தாள். பிறகு அந்த உடைந்த குரலில் கேட்டாள்: "சும்மா கூட்டிட்டுப் போனா சனம் அதுலதான ஏறும்? அப்ப இவரு என்ன செய்வாரு?"

அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். அம்மாவுக்கு அது பேச்சாகவே தெரியவில்லை.

இப்படிக் கேள்வியும் பதிலுமாக நடக்கும் விவாதம் பிள்ளைக்குத் தருவது இதைத்தான். பதில் சொல்ல வேண்டுமென்றால் எதிரே இருப்பவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். விவாதத்தில் தனக்குப் பிடிக்காத பக்கத்தை ஒருமுறையாவது எடுத்துப் பேசிய பிள்ளைக்கு, மறுத்துப் பேசுகிறவன் எதிரி அல்ல என்பது புரிந்துவிடும். "இது எனக்குத் தெரியல, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று கூச்சமில்லாமல் சொல்ல வரும். பரிட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் இது உதவும், சரிதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது வேறு. பள்ளியிலோ பஸ்ஸிலோ தனக்கு ஏதாவது தப்பு நடந்தால் வாயைத் திறந்து சொல்லும் தெம்பு வருகிறது.

இது நம்ம ஊருக்குப் புதிதும் இல்லை. நெல்லை வண்ணார்பேட்டையில், ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் 'வட்டத்தொட்டி' என்ற இலக்கியக் கூட்டத்தில் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து கம்பனைப் பேசிப் பேசி ரசித்த ஊர் இது. நம் வீட்டுத் திண்ணையிலும் அப்படி உட்காரலாம்.

வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது பத்து நிமிடம் போதும். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளா பஸ்ஸா என்று கேளுங்கள். பிள்ளை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். அப்புறம் கட்சி மாறுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். போட்டிக்கு எழுதித் தரவே தராதீர்கள். விஷயத்தைச் சொல்லுங்கள், நாலு குறிப்பை அவளே தன் கையால் எழுதட்டும். மறந்து நின்றால் ஒரு மூச்சு விட்டு அடுத்த குறிப்புக்குப் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை வாங்கிய கோப்பையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. நடுவர்களாக வரும் ஆசிரியர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன்: ஒவ்வொரு பிள்ளையிடமும் பேச்சு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், அதற்கும் மதிப்பெண் போடுங்கள். மனப்பாடம் தானாகக் குறையும்.

அந்தப் பெண் இப்போது வாரம் ஒருமுறை வருகிறாள். குரல் இன்னும் முழுதாகத் தெளியவில்லை, மெதுவாகத்தான் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். போன வாரம் அவளுக்கு வெள்ளைக்காரக் கப்பலில் ஏறிய ஏழைப் பயணியின் கட்சி, எனக்கு வ.உ.சி. கட்சி. "வீட்ல அரிசி இல்லாதவன்ட்ட தேசத்தப் பத்திப் பேசினா எப்படி மேடம்?" என்றாள். நான் பதில் யோசிக்கக் கொஞ்சம் நேரம் கேட்டேன். "எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.