மெடிகெய்ட் விண்ணப்பமும் அம்மாவின் பழைய பாலிசியும்

அமெரிக்காவில் வயதான பெற்றோருக்காக மெடிகெய்ட் (வருமானமும் சொத்தும் குறைவாக உள்ளவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) விண்ணப்பிக்க எங்களிடம் உதவி கேட்டு வரும் பிள்ளைகள் வங்கிக் கணக்கு, வீடு, கார் எல்லாவற்றையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். ஆயுள் காப்பீட்டைப் பற்றி நாங்கள்தான் கேட்க வேண்டியிருக்கும். "அது அவங்க காலத்துக்கப்புறம் வர்ற பணம்தானே, அதைப் போய் எதுக்கு காட்டணும்?" என்பார்கள்.

குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் எடுக்கும் டேர்ம் பாலிசி என்றால் கவலை இல்லை. அதற்குச் சரண்டர் மதிப்பே, அதாவது பாலிசியை இடையில் முடித்தால் கைக்கு வரும் பணமே கிடையாது. ஆயுள் முழுவதற்குமான, பணம் சேரும் ஹோல் லைஃப் பாலிசிதான் சிக்கல். நர்சிங் ஹோம் செலவுக்கு மெடிகெய்ட் கேட்கும் தனிநபரிடம், பெரும்பாலான மாநிலங்களில், கணக்கில் வரும் சொத்து 2,000 டாலருக்கு மேல் இருக்கக்கூடாது. ஒருவர் பெயரில் உள்ள ஹோல் லைஃப் பாலிசிகளின் முகமதிப்பு (இறந்தபின் தருவதாகப் பாலிசியில் எழுதியிருக்கும் தொகை) மொத்தம் 1,500 டாலருக்குள் இருந்தால் பல மாநிலங்கள் விட்டுவிடும். தாண்டினால் சரண்டர் மதிப்பு முழுவதும் சொத்துதான். ஈமச்சடங்குக்கென்று அம்மா எடுத்துவைத்த ஆயிரம் டாலர் பாலிசிகள் இரண்டு இருந்தால், கூட்டிப் பார்க்கையில் வரம்பு போய்விடும். சின்னப் பாலிசிதானே என்று ஒன்றைக்கூட விடாதீர்கள். ஊரில் போட்ட எல்ஐசி பாலிசியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதைக் கேட்டதும் பலருக்கும் தோன்றுவது, பாலிசியை மகன் பெயருக்கு மாற்றிவிடலாம் என்பது. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பெரும்பாலான மாநிலங்களில் விண்ணப்பத்துக்கு முந்தைய 60 மாதப் பரிமாற்றங்களைத் துருவிப் பார்ப்பார்கள். சும்மா மாற்றிக் கொடுத்தது அன்பளிப்பாகக் கணக்காகும். அந்தத் தொகைக்கு ஈடான காலத்துக்கு மெடிகெய்ட் நர்சிங் ஹோம் பில்லைக் கட்டாது. அந்தப் பில் உங்கள் தலையில்தான் விழும்.

நேர்வழிகள் இருக்கின்றன. சரண்டர் செய்து, வரும் பணத்தை அம்மாவுக்கே செலவழிக்கலாம்: பாக்கி மருத்துவ பில், காது கேட்கும் கருவி, பல்செட், திரும்பப் பெற முடியாதபடி முன்கூட்டியே கட்டிவைக்கும் ஈமச்சடங்கு ஒப்பந்தம். கட்டிய பிரீமியத்துக்கு மேல் கிடைக்கும் தொகைக்கு வருமான வரி உண்டு. பாலிசி கையை விட்டுப் போகக்கூடாது என்றால், உரிய விலை கொடுத்து மகனோ மகளோ வாங்கிக்கொள்ளலாம். காசோலை, ரசீது இரண்டும் பத்திரம். அப்பா உயிரோடு இருந்தால் அவர் பெயருக்கு மாற்றுவதற்குத் தண்டனை இல்லை, ஆனால் அவர் வைத்துக்கொள்ளும் சொத்துக்கும் வரம்பு உண்டு.

எதைச் செய்யும் முன்பும் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கடிதம் வாங்குங்கள். முகமதிப்பு, இன்றைய சரண்டர் மதிப்பு, பாலிசிக் கடன், உரிமையாளர், பயனாளி ஐந்தும் அதில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தால், அவர் சார்பில் செயல்பட உங்களுக்கு அதிகாரம் தரும் பவர் ஆஃப் அட்டர்னி பத்திரம் இல்லாமல் நிறுவனம் உங்களிடம் பேசவே பேசாது. நினைவு தெளிவாக இருக்கும்போதே அதை எழுதி வாங்கிவிடுங்கள்.

கடிதம் வந்ததும் பயனாளி, அதாவது அம்மாவுக்குப் பின் பணம் பெறுபவர், பெயரைப் பாருங்கள். பல வருடங்களுக்கு முன் காலமான அப்பாவின் பெயரே அதில் இருக்கும். வேறு பயனாளி இல்லையென்றால் பணம் பெரும்பாலும் அம்மாவின் எஸ்டேட்டுக்கு, அதாவது அவர் விட்டுச்செல்லும் சொத்துக்குப் போகும். அங்கே போனால் மாநிலம் கை வைக்கலாம்: 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு மெடிகெய்ட் நர்சிங் ஹோமுக்குச் செலவழித்ததை எஸ்டேட்டிலிருந்து வசூலிக்க மாநிலங்களை 1993ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பயனாளியை மாற்றும் படிவத்தில் அம்மா இன்றே கையெழுத்துப் போடலாம்.