சிறுநீரோடு வந்த கல்லைத் தூக்கிப் போடாதீர்கள்

வேலூரில் கத்திரி வெயில் தொடங்கினால் எங்கள் ஆய்வகத்துக்குக் கல் வரத்து கூடிவிடும். தோல் பதனிடும் தொழிற்சாலை, செங்கல் சூளை, தறி என்று வியர்வை கொட்டும் வேலைகள் நிறைந்த வட்டாரம் இது. உடம்பின் தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போய்விட, சிறுநீர் கெட்டிப்பட்டு, அதில் கரைந்திருப்பவை படிந்து கல்லாகின்றன. அந்தக் கல்லை அகச்சிவப்பு நிறமாலைமானி என்ற கருவியில் வைத்துப் பார்த்து, அது எதனால் ஆனது என்று சொல்வது என் வேலை. எங்களிடம் வந்து சேராமல் கழிவறையோடு போய்விடும் கற்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து கைலி நெசவாளர் ஒருவர் தன் 14 வயது மகனோடு வந்தார். பையனுக்கு நான்கு வருடத்தில் மூன்றாவது முறையாகக் கல். முதல் இரண்டு முறையும் வேறோர் இடத்தில் எடுத்தார்கள். கல்லை வீட்டாரிடம் காட்டியதோடு சரி, பரிசோதனைக்கு அனுப்பவில்லை. வாழைத்தண்டுச் சாறு குடி, தக்காளியை விடு, கத்திரிக்காயை விடு என்று அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்குவதையே அந்த வீட்டில் நிறுத்திவிட்டார்களாம். மூன்றாவது கல் தானாக வெளியே வந்தது. இந்த முறை பார்த்த மருத்துவர் அதைக் கேட்டு வாங்கி எங்களிடம் அனுப்பினார்.

"கல்லுன்னா கல்லுதானே சார், அதுல இன்னா தினுசு இருக்குது?" என்றார் அப்பா.

தினுசு இருக்கிறது. பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். அப்புறம் யூரிக் அமிலக் கல், கிருமித்தொற்றால் வரும் மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் கல். பெரியவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு, பிள்ளைகளில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக, புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில் ஒன்றான சிஸ்டீனே கல்லாகி வரும்.

பையனின் கல் தேன்மெழுகு நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். ஆனால் நிறத்தை நம்பி ரிப்போர்ட் எழுத முடியாது. ஒன்றிரண்டு மில்லிகிராம் தூளை 200 மில்லிகிராம் பொட்டாசியம் புரோமைடோடு அகேட் என்ற கடினக் கல்லால் ஆன உரலில் அரைத்து, அழுத்தியில் வைத்துக் கண்ணாடி போன்ற வில்லையாக்கினோம். (ஐப்பசி, கார்த்திகையில் இந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரமும் வரைபடத்தில் வந்து, நாம் தேடுவதையே மறைத்துவிடும். அதனால் மழைக்காலத்தில் உப்பை அடுப்பில் உலர்த்தாமல் நான் தொடுவதில்லை.)

மூலக்கூறில் அணுக்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்புகள் சுருள்வில் போல ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு வகைப் பிணைப்புக்கும் தனக்கென்று ஓர் அதிர்வு. அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தினால், தன் அதிர்வோடு ஒத்துப்போகும் பகுதியை மட்டும் அது உறிஞ்சிக்கொள்ளும். வரைபடத்தில் அந்த இடத்தில் பள்ளம் விழும். இடத்தைச் சொல்லும் எண் அலை எண், அதாவது ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை. கால்சியம் ஆக்சலேட் என்றால் 1620க்கும் 1317க்கும் அருகே இரண்டு பெரிய பள்ளங்கள், முகத்தில் அறைந்தாற்போலத் தெரியும். இங்கே அந்த 1317 இல்லை. 3100 முதல் 2600 வரை அகலமான ஒரு சரிவு, 1600ஐ ஒட்டி வலுவான பள்ளங்கள், பிறகு 1485, 1410 அருகே கூர்மையானவை.

இதில் நான் முதலில் தேடுவது, இல்லாத ஒன்றை. சாதாரணக் கரிம அமிலங்களுக்கு 1700ஐத் தாண்டி ஒரு வலுவான பள்ளம் வரும். அமினோ அமிலம், பெயரில் அமிலம் இருந்தும், அதைக் காட்டாது. படிகமாக இருக்கும்போது அதன் அமில முனை தன் புரோட்டானை (ஹைட்ரஜனின் நேர்மின் கருவை) அதே மூலக்கூறின் அமினோ முனைக்குக் கொடுத்துவிடுகிறது. ஒரு முனை எதிர்மின், மறுமுனை நேர்மின். இரட்டை அயனி என்போம். 1600, 1410 பள்ளங்கள் புரோட்டானை இழந்த முனையிலிருந்து வருபவை. 1485ம், மேலே சொன்ன அகலமான சரிவும் அதைப் பெற்ற முனையுடையவை. அடுத்து 2550 அருகே பார்த்தேன். சிஸ்டெயின் என்ற சிறிய அமினோ அமிலமாக இருந்தால் அதன் கந்தகம்–ஹைட்ரஜன் பிணைப்பு அங்கே தெரியும். அங்கேயும் ஒன்றுமில்லை. இரண்டு சிஸ்டெயின்கள் ஹைட்ரஜனை விட்டுவிட்டுக் கந்தகத்தோடு கந்தகம் கைகோத்தால் அது சிஸ்டீன். அந்தக் கந்தகப் பிணைப்பு அகச்சிவப்பில் மிக மங்கலாகத்தான் தெரியும். காலியாகக் கிடக்கும் 2550தான் நமக்குத் துப்பு. பிறகு தூய சிஸ்டீனின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். வரிக்கு வரி பொருந்தியது. 1810இல் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் இந்தப் பொருளை முதன்முதலில் கண்டறிந்ததும் சிறுநீர்ப்பைக் கல் ஒன்றில்தான்.

நம் சிறுநீரகம் வடிகட்டும் அமினோ அமிலங்களை உடம்புக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளும். பையனுக்கு இருப்பது சிஸ்டினூரியா என்ற பரம்பரைக் குறை. அது உள்ளவர்களுக்கு அப்படித் திரும்ப எடுக்க முடியாமல் சிஸ்டீன், லைசின், ஆர்ஜினின், ஆர்னித்தீன் ஆகிய நான்கும் சிறுநீரிலேயே போய்விடுகின்றன. மற்ற மூன்றும் நன்றாகக் கரையும், தொல்லை இல்லை. சிஸ்டீன் மட்டும் நடுநிலையான சிறுநீரில் லிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராம்தான் கரையும். ஒரு நாளில் 750 மில்லிகிராம் வெளியேறினால் 3 லிட்டர் சிறுநீர் போனால்தான் அது கரைந்தே இருக்கும். குடிக்கும் தண்ணீர் இல்லை, போகும் சிறுநீர் 3 லிட்டர்! வேலூர் வெயிலில் அதற்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இரவில் எழுந்தும் குடிக்க வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் குறைய வேண்டும். உப்பு கூடினால் சிஸ்டீன் கசிவும் கூடும். தக்காளி விதைக்கும் கத்திரிக்காய் விதைக்கும் இந்தக் கல்லில் பங்கே இல்லை.

சிறுநீரின் காரத்தன்மையைக் கூட்ட மருத்துவர் பொட்டாசியம் சிட்ரேட் தருவார். அது போதாவிட்டால் டியோப்ரோனின், பெனிசிலமைன் போன்ற மருந்துகள். நான் சொன்ன அந்தக் கந்தகப் பிணைப்பைப் பிரித்து, ஒரு பாதியோடு தாங்களே ஒட்டிக்கொள்பவை அவை. அப்படி உருவாவது பல மடங்கு எளிதாகக் கரையும்.

யூரிக் அமிலக் கல்லையும் இதே சிட்ரேட்டால் பல நேரம் கரைத்துவிடலாம். ஆனால் தொற்றுக் கல் கார சிறுநீரில்தான் வளரும். எந்தக் கல் என்று தெரியாமல் மெடிக்கலில் கேட்டு வாங்கிக் குடிக்கும் சிட்ரேட் சிரப்பை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பொட்டாசியம் தனி ஆபத்து.

கல் வலி இருக்கும் நாட்களில் சிறுநீரை ஒரு டீ வடிகட்டியில் வடித்துப் பாருங்கள். கிடைத்ததைத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, சுத்தமான சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள். பிளாஸ்திரியில் ஒட்டாதீர்கள், அதன் பசையும் வரைபடத்தில் வந்துவிடும். அரிசி நொய் அளவு போதும். சில சமயம் வருவது வெறும் மணலாக இருக்கும். வரைபடத்தில் 800ஐ ஒட்டி விழும் இரட்டைப் பள்ளம் அதைச் சொல்லிவிடும். அதற்காகத் தயங்க வேண்டாம். அறுவைசிகிச்சையில் எடுத்தாலும், பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் கொடுக்கும்போது அந்த அப்பாவிடம், "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டேன்.

"ஆமா சார், அக்கா பொண்ணுதான்."

தாய், தகப்பன் இருவரிடமும் வெளியே தெரியாமல் இந்த மரபணுக் குறை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ரத்த சொந்தத்தில் அப்படி இருவர் சேர்வது எளிது. இது அவர்கள் செய்த தப்பு இல்லை என்று இரண்டு தரம் சொன்னேன். வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டபோது, 9 வயதில் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார். அவளுக்கு வலி எதுவும் வந்ததே இல்லை.

மறுவாரம் அவளை அழைத்துவந்தார்கள். காலையில் எடுத்த முதல் சிறுநீரை நுண்ணோக்கியில் வைத்தேன். தேன்கூட்டு அறை போல, ஆறு பக்கமும் சமமான தட்டைப் படிகங்கள். சிஸ்டீன்தான். ஸ்கேனில் கல் இன்னும் இல்லை. இப்போது அவள் பள்ளிக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுபோகிறாள். வகுப்பின் நடுவில் வெளியே போகக் கேட்டால் விட வேண்டும் என்று மருத்துவர் ஆசிரியைக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.