பசுவின் இடது விலாவுக்குள் என்ன நடக்கிறது?

வேலை விட்டு வரும்போது தலையில் வைத்துக் கொண்டுவரும் ஒரு புல்லுக்கட்டு ஏறத்தாழ 25 கிலோ இருக்கும். 400 கிலோ எடையுள்ள கறவைப் பசுவுக்கு நாளைக்கு அப்படி இரண்டு கட்டு வரை வேண்டும். உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் பச்சைப் புல் என்பது எளிய கணக்கு. அந்தப் புல்லின் பெரும்பகுதி நார். நாரை உடைக்கும் நொதி பசுவின் உடம்பில் சுரப்பதே இல்லை. இந்த விஷயத்தில் பசுவும் நம்மைப் போலத்தான். ஆனாலும் அது புல்லைத் தின்று பால் தருகிறது.

புல்லை உண்மையில் தின்று தீர்ப்பவை பசுவின் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். அவை கழித்துவிடும் அமிலத்தில்தான் பசு வாழ்கிறது. தேயிலைத் தோட்ட லயத்துக்குப் பின்னால் ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் தினமும் செய்யும் வேலைகளில் பாதி, அறிந்தோ அறியாமலோ இந்த உயிர்களுக்குச் செய்யும் வேலைதான். பால் ஏன் குறைந்தது, கொழுப்பு ஏன் இறங்கியது, நேற்றுவரை நன்றாக இருந்த மாடு இன்று ஏன் தின்னவில்லை என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கிறது.

பசுவின் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு குழி தெரியும். அதற்கு உள்ளே இருப்பதுதான் அந்த முதல் வயிறு, அதாவது பெருவயிறு. வளர்ந்த பசுவில் அது 100 முதல் 200 லீட்டர் வரை கொள்ளும். தண்ணீர் பிடிக்கிற பெரிய பீப்பா ஒன்றை இடப்பக்கம் படுக்கவைத்த மாதிரி. உள்ளே வெப்பம் 39 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும், காற்று கிடையாது, எந்நேரமும் கலக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சாற்றில் ஒரு மில்லிலீட்டரை எடுத்தால் அதில் ஆயிரம் கோடி அளவுக்குப் பற்றீரியாக்கள் இருக்கும். இவை போக புரொட்டோசோவாக்களும் பூஞ்சைகளும் உண்டு. குழியில் கைமுட்டியை அழுத்தி வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றால், உள்ளிருந்து இரண்டு மூன்று தடவை கையைத் தள்ளும். அதுதான் வயிறு கலக்கும் அசைவு. தினமும் காலையில் இதைச் செய்து பழகினால், தள்ளுதல் குறையும் அன்றைக்கே தெரிந்துவிடும். பால் குறைவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

நுண்ணுயிர்கள் நாரை உடைக்கும்போது மூன்று அமிலங்கள் உண்டாகின்றன: அசற்றிக், புரொப்பியோனிக், பியூத்திரிக். பெருவயிற்றுச் சுவர் இவற்றை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கிறது. பசுவுக்குத் தேவையான சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் இப்படித்தான் கிடைக்கிறது. வினாகிரியில் இருக்கிற அதே அசற்றிக் அமிலம் மடிக்குப் போய்ப் பால்கொழுப்பாகிறது. நார் அதிகமுள்ள முற்றிய புல்லும் வைக்கோலும் இதை அதிகமாக உண்டாக்கும். புரொப்பியோனிக் அமிலம் ஈரலில் குளுக்கோஸாகி, மடியில் லக்டோஸ் என்ற பால்சர்க்கரையாக மாறும். மடிக்குள் தண்ணீரை இழுப்பது இந்தச் சர்க்கரை. ஆகவே பாலின் அளவு பெரிதும் இதைப் பொறுத்தது. தவிடு, சோளம், மாட்டுத்தீவனம் போன்ற மாப்பொருள் தீனிகளிலிருந்து புரொப்பியோனிக் கூடுதலாக வரும்.

பால் நிலையத்தில் கொழுப்பையும் கொழுப்பல்லாத திண்மத்தையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். தண்ணீரே கலக்காத பாலிலும் கொழுப்பு குறைந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது நாரை. இளம்புல்லும் தீவனமும் மட்டும் போட்டால் பால் கூடும், கொழுப்பு இறங்கும். ஒரு கட்டு முற்றிய புல், அல்லது ஒரு கிலோ இரண்டு கிலோ வைக்கோல் சேர்த்துப் பத்து நாள் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இந்த அமிலமெல்லாம் உள்ளே தேங்கினால் நுண்ணுயிர்கள் செத்துவிடும். அதைத் தடுப்பது எச்சில். பசு ஒரு நாளைக்கு 100 லீட்டருக்கு மேல் எச்சில் விழுங்குகிறது. அதில் இருப்பது நாம் ஆப்பத்துக்குப் போடும் அப்பச்சோடா, அதாவது சோடியம் பைகாபனேற்று. அமிலத்தை அது தணிக்கிறது. எச்சில் நன்றாக ஊறுவது அசைபோடும்போது. விழுங்கிய புல்லில் ஒரு உருண்டை தொண்டை வழியே மேலே வரும்; ஐம்பது அறுபது தடவை மென்று மறுபடி விழுங்கும்; இப்படி நாளைக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம். படுத்திருக்கும் மாட்டின் தாடையைப் பார்த்து எண்ணுங்கள். ஒரு உருண்டைக்கு நாற்பதுக்குக் கீழே போனால் தீனியில் நார் போதவில்லை.

புல்லை வெட்டிப் போடும்போதும் இதையே நினைக்க வேண்டும். இரண்டு மூன்று அங்குலத் துண்டுகள் நல்லது. மாவு மாதிரி அரைத்துப் போட்டால் மாடு வேகமாகத் தின்னும், ஆனால் வயிற்றுச் சுவரை உரசி அசைபோடத் தூண்ட எதுவும் இருக்காது.

பசு பெரும்பாலும் படுத்துக்கொண்டுதான் அசைபோடும். மலைநாட்டுப் பட்டிகளில் பெரிய குறை இங்கேதான். மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுகளில் விடாமல் மழை. சீமெந்துத் தரையில் மூத்திரமும் சாணமும் தேங்கும். ஈரத்தில் படுக்கப் பிடிக்காமல் மாடு இரவெல்லாம் நிற்கும். நின்றால் அசை குறையும், அசை குறைந்தால் எச்சில் குறையும், அமிலம் ஏறும். குளம்பும் ஊறி நொண்டும். எட்டு அடி நீளத் தரைக்கு இரண்டு அங்குலச் சரிவு இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். அதற்கு மேல் சரிந்தால் மாடு வழுக்கும். ரப்பர் விரிப்போ, நன்றாகக் காய்ந்த புல்லோ விரிக்கலாம். மரத்தூள் என்றால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தூளில் மடிநோய்க் கிருமிகள் பெருகும்.

குளிரைப் பற்றி அநாவசியமாகப் பயப்படுகிறார்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். சனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லில் பனி உறைகிற இடம். பிரீசியன், அயர்ஷயர், ஜேர்சிக் கலப்பு மாடுகளுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் பெருவயிற்றில் நடக்கும் நொதிப்பே ஒரு அடுப்பு. மாட்டை வாட்டுவது நனைந்த உடம்பின் மீது அடிக்கிற காற்று. காற்று வரும் பக்கம் மட்டும் தகரமோ பலகையோ அடித்தால் போதும். நாலு பக்கமும் சாக்குக் கட்டி மூடினால் அமோனியா நெடி தங்கி மாட்டுக்கு இருமல் வரும்.

மழைக்காலத்தில் இன்னொரு ஏமாற்றம் உண்டு. வெயில் காலத்தில் 50 கிலோ புல்லில் தண்ணீர் போக 10 கிலோ அளவு உலர்ந்த சத்து இருக்கும். அடைமழையில் வெட்டிய இளம்புல்லில் அது 7 கிலோவுக்கு இறங்கிவிடலாம். கட்டு அதே பாரம்தான், தீனியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். ஒரு பகல் முன்கூட்டியே வெட்டி, கூரைக்குக் கீழே மெல்லியதாகப் பரப்பி வாடவைத்தால் மாடு கூடுதலாகத் தின்னும். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும்.

எந்தப் புல் என்பதும் முக்கியம். தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மண்ணைத் தேற்றுவதற்காக ஒன்றரை, இரண்டு வருடம் குவாத்தமாலாப் புல்லோ மானாப்புல்லோ நடுவார்கள். குவாத்தமாலாவை மாடு விரும்பித் தின்னும், முற்றினால் வெறும் நார். மானாவின் வாசனை மாட்டுக்குப் பிடிக்காது. வீட்டுப் பக்கம் நடுவதற்கு சீஓ-3 என்ற கலப்பு நேப்பியர் புல் நல்லது. ஆறு ஏழு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டலாம், அதற்கு மேல் விட்டால் தண்டு கட்டையாகிவிடும். களைநாசினி அடித்த தேயிலை மலையில் புல்லறுக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. எந்த மலையில் எப்போது அடித்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம்தான் தேவை.

சனவரி முதல் மார்ச் வரை புல் தட்டுப்பாடு. அப்போது மரக்கறித் தோட்டங்களில் மிஞ்சும் கோவா இலை, கரட் இலை, பீட்ரூட் இலை கைகொடுக்கும். ஆனால் தீனியை ஒரே நாளில் மாற்றினால் உள்ளே இருக்கும் உயிர்களுக்கு அதைச் செரிக்கத் தெரியாது. நாரைத் தின்கிற கூட்டம் வேறு, சர்க்கரையைத் தின்கிற கூட்டம் வேறு. ஒன்று குறைந்து மற்றது பெருக இரண்டு வாரம் ஆகும். முதல் மூன்று நாள் கால்வாசி, அடுத்து அரைவாசி என்று ஏற்றுங்கள். கோவாவை நாளும் முழுத்தீனியாகப் போட்டால் இரத்தச்சோகை வரும். லீக்ஸும் அப்படியே, அதோடு பாலிலும் வாடை அடிக்கும். முழுக் கரட், முழு உருளைக்கிழங்கு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வெட்டித்தான் போட வேண்டும்.

திடீர் மாற்றத்தில் மிக மோசமானது சோறு. மாட்டுப்பொங்கலன்று அன்பினால் ஒரு வாளி சர்க்கரைப் பொங்கல், கல்யாண வீட்டில் மிஞ்சிய ஒரு சட்டிச் சோறு என்று வைத்துவிடுகிறார்கள். மாவும் சர்க்கரையும் ஒரேயடியாக இறங்கியதும் லக்டிக் அமிலம் உண்டாக்கும் பற்றீரியாக்கள் மற்றவற்றைத் தள்ளிவிட்டுப் பெருகும். இந்த அமிலம் முன்சொன்ன மூன்றையும்விடக் கடுமையானது. ஆறுக்கு மேல் இருக்க வேண்டிய பீஎச் (அமிலத்தை அளக்கும் எண், அமிலம் கூடக் கூட இது குறையும்) ஐந்துக்குக் கீழே விழும். வயிறு கலக்குவது நின்றுவிடும். இரத்தத்திலிருந்து தண்ணீர் பெருவயிற்றுக்குள் இழுக்கப்படும். பன்னிரண்டு மணித்தியாலத்தில் மாடு தள்ளாடும், கண் உள்வாங்கும், சாணம் புளித்த வாடையோடு சாம்பல் நிறத்தில் தண்ணீராகப் போகும். கொஞ்சமாகத் தின்றிருந்தால் 100 கிராம் அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு நாளைக்கு வைக்கோலும் முற்றிய புல்லும் மட்டும் போடலாம். வாளிக் கணக்கில் தின்றிருந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். பொங்கலுக்கு ஒரு பிடி போதும், சாமிக்கும் மாட்டுக்கும்.

தீவனமும் அதே வழியில் கெடுக்கும். நல்ல புல்லில் முதல் நாலைந்து லீட்டர் பால் கிடைக்கும்; அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டு, இரண்டரை லீட்டருக்கும் ஒரு கிலோ தீவனம். ஒரு வேளைக்கு இரண்டரைக் கிலோவைத் தாண்டாமல், புல் போட்ட பிறகு கொடுக்க வேண்டும். பசித்த வயிற்றில் முதலில் தீவனம் விழுந்தால் அமிலம் சட்டென்று ஏறும்.

நொதிப்பில் வாயுவும் வருகிறது. மெதேனும் காபனீரொட்சைட்டுமாக நாளைக்கு நூற்றுக்கணக்கான லீட்டர். மாடு ஏப்பம் விட்டு அதை வெளியேற்றும். மழையில் நனைந்த இளம் பயற்றினச் செடிகளைப் பசியோடு தின்றால் வாயு சவர்க்கார நுரை மாதிரி கட்டிக்கொண்டு ஏப்பமாக வராது. இடது குழி மேடாகி, தட்டினால் பறை மாதிரி ஒலிக்கும். மாட்டின் முன்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, கால் போத்தல் முதல் அரைப் போத்தல் வரை தேங்காயெண்ணெய் கொடுத்தால் நுரை உடையும். தலையை மிக உயரத் தூக்கி ஊற்றக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் மாடு அதனாலேயே சாகும். மூச்சுத் திணறினால் தாமதிக்க நேரமில்லை.

புரதத்தின் கதை வேறு. நுண்ணுயிர்கள் அமோனியாவைக்கூட எடுத்துத் தங்கள் உடம்பைக் கட்டும். பிறகு அவையே அடுத்த வயிறுகளுக்கு வழுக்கிப் போய், நாலாவதான உண்மை வயிற்றில் செரிக்கப்படுகின்றன. பசு கடைசியில் தன் குடியிருப்பாளர்களையே தின்கிறது. இதனால்தான் புரதம் மிகுந்த கிளிரிசீடியா மர இலை புண்ணாக்குச் செலவைக் குறைக்கிறது: ஒரு பகல் வாடவைத்து, புல்லோடு நாலில் ஒரு பங்கு கலந்தால் வாடையும் தெரியாது. ஆனால் யூரியா உரச்சாக்கைக் கழுவிய தண்ணீரைக் குடித்த மாட்டின் வயிற்றில் அந்த அமோனியாவே அளவு மீறி, நிமிடக் கணக்கில் நஞ்சாகிவிடும். உரச்சாக்கைப் பட்டிக்குப் பக்கத்தில் கழுவவும் காயப்போடவும் வேண்டாம். கம்பித் துண்டும் ஆணியும் அப்படியே ஆபத்து. அவை இரண்டாவது வயிற்றில் போய்த் தங்கும். அதற்கு முன்னால் சில அங்குலத்தில் இருதயம்.

தண்ணீரை மறப்பவர்கள் அதிகம். பாலில் 87 சதவீதம் தண்ணீர். பத்து லீட்டர் கறக்கும் மாட்டுக்கு நாளைக்கு 60 லீட்டராவது வேண்டும். காலையும் மாலையும் ஒரு வாளி காட்டுவது போதாது. இரவிலும் முன்னால் இருக்க வேண்டும், ஏனென்றால் பெருவயிறு தண்ணீரில்தான் வேலை செய்கிறது.

பிறந்த கன்றுக்கு இவை எதுவும் கிடையாது. அதன் பெருவயிறு சுருங்கிய சிறு பை. பால் குடிக்கும்போது தொண்டைக் குழாயிலிருந்து ஒரு மடிப்பு குழாய் மாதிரி மூடி, பாலை நேரே உண்மை வயிற்றுக்குக் கொண்டுபோகும். முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் சீம்பால் போக வேண்டும், 30 கிலோக் கன்றுக்கு மொத்தம் மூன்று லீட்டர் அளவு. தாய் நக்குவதிலிருந்தும், தாயின் தொட்டியில் வாய் வைப்பதிலிருந்தும் நுண்ணுயிர்கள் தாமாகக் குடிவரும். இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு பிடி தீவனமும் மெல்லிய காய்ந்த புல்லும் எட்டும் இடத்தில் வைத்தால், அமிலம் பட்டுப் பட்டு வயிற்றுச் சுவர் தடிக்கும். மூன்றாவது மாதத்தில் கன்றின் இடது குழியில் காதை வைத்தால், தூரத்து இடி மாதிரி ஒரு உருளல் கேட்கும்.