மேக்ரோ லென்ஸ்: அண்மை வில்லை

பூச்சி, பூ போன்ற சிறியவற்றைக் கிட்டப்போய்ப் படமெடுக்க உதவும் கேமரா லென்ஸ்தான் மேக்ரோ லென்ஸ். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? லென்ஸ் லத்தீன் சொல். அந்த மொழியில் மைசூர்ப் பருப்புக்கு அதுதான் பெயர். இருபக்கமும் புடைத்த கண்ணாடி பருப்பைப் போல இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் வில்லை, கற்பூர வில்லை என்கிறோமே, அதே வில்லை. லென்ஸுக்கு இதைவிட நல்ல சொல் வேண்டியதில்லை.

சிக்கல் மேக்ரோவில்தான். கிரேக்க ‘மக்ரோஸ்’ நீளமானது, பெரியது என்ற பொருள்களைத் தரும். பொருளியலில் மேக்ரோவைப் பேரியல் என்கிறார்களே என்று இங்கே ‘பேரியல் வில்லை’ என்று எழுதினால் தப்பாகிவிடும். வழக்கமான மேக்ரோ லென்ஸ் எதையும் பெரிதாக்குவதில்லை. பூச்சி எவ்வளவு நீளமோ அவ்வளவே உணரியில், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில், விழும். 1:1 என்று சொல்வது இதைத்தான். இதற்கு நிகரளவு என்று சொல்லலாம். சேலத்து மாந்தோப்புகளில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பு 8 முதல் 10 மி.மீ. இருக்கும். ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் கட்டத்தின் அளவுள்ள) உணரியின் அகலம் 36 மி.மீ. ஆக, நிகரளவில் எடுத்தாலும் எறும்பு படத்தில் கால்வாசிதான். அப்புறம் திரையில் பார்க்கும்போதுதான் அது ஆளை மிரட்டுகிறது. நிக்கான் நிறுவனம் 1956 முதல் இவ்வகை லென்ஸை மைக்ரோ என்றே விற்கிறது. பொருளைவிடப் பெரிய உரு விழுந்தால்தான் மேக்ரோ என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

எனவே என் தேர்வு ‘அண்மை வில்லை’. கிட்டப்போய் எடுப்பதற்கென்று செய்த லென்ஸ் என்பதை அது நேராகச் சொல்கிறது. எவ்வளவு கிட்டே என்பதுதான் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது. நிகரளவுக்கு, 60 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸின் முகப்புக்கும் பூச்சிக்கும் நடுவே 10 செ.மீ.கூட இருக்காது. 100 மி.மீ. என்றால் ஏறக்குறைய 14 செ.மீ.; 180 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட ஒரு சாண். முசுறுக் கூட்டுக்கு முன்னால் 60 மி.மீ. லென்ஸோடு நிற்பவர் முதலில் கடிபடுவார். பிறகுதான் லென்ஸின் நிழலே பூச்சிமேல் விழுவதைக் கவனிப்பார்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் இன்னொரு தொல்லை, வெளிச்சம். சில்வர் ஓக் நிழல் போதாதென்று மூடுபனி வேறு. நிகரளவில் உணரிக்கு வரும் ஒளி நாலில் ஒரு பங்காகக் குறையும். லென்ஸின் துளை அளவை (எண் கூடினால் துளை சிறுக்கும்) எஃப் 11-இல் வைத்தால் எஃப் 22 போல வேலை செய்யும். அப்போதும் தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை மி.மீ.கூட இல்லை. துளையை அகலத் திறந்தால் அந்த ஆழமும் குறையும், அதற்கும் வழியில்லை. ஆகவே ஃபிளாஷ்தான்.

வெறும் ஃபிளாஷ் அடித்தால் வண்டின் வழுவழுப்பான முதுகில் வெள்ளைப் பொட்டு ஒன்று விழுந்து, அந்த இடத்தின் நிறமே போய்விடும். அதற்குத்தான் ஒளியைப் பரப்பி மெத்தென்றாக்கும் டிஃப்யூசர். தமிழில் ‘ஒளிவிரவி’ என்று எழுதலாம். கடையில் கேட்டால் விழிப்பார்கள், அங்கே டிஃப்யூசர் என்றே கேளுங்கள். பட்டர் பேப்பர்கூடப் போதும். அதைப் பூச்சிக்கு எவ்வளவு நெருக்கமாகப் பிடிக்கிறீர்களோ அவ்வளவுக்கு ஒளி மெத்தென்று விழும். ஃபிளாஷ் தலையிலேயே ஒட்டிவைத்தால் பெரிய பலன் இல்லை.